மைசூர் அரண்மனையிலிருந்து மந்தைவெளி வரை

நாதமுனிகள் அறிந்திருந்த யோகம் அவருடைய பேரனுக்குக் கிடைக்காமல் போனது. வைணவக் குருபரம்பரை நூல்கள் சொல்லும் கதை இது. காட்டுமன்னார்கோயிலில் வாழ்ந்த நாதமுனிகள் யோக ரகசியத்தைத் தம் சீடர் குருகைக் காவலப்பனிடம் ஒப்படைத்துவிட்டுப் போனார். பேரன் ஆளவந்தார் வளர்ந்து, விவரம் தெரிந்து, அதைக் கேட்டுக் காவலப்பனிடம் வந்தார். தாம் உடலை விடப்போகும் நாளை ஓலையில் குறித்துக் கொடுத்த காவலப்பன், அதற்குமுன் வந்து கற்றுக்கொள்ளும்படி சொல்லி அனுப்பினார். திருவனந்தபுரத்தில் பத்மநாபனைச் சேவித்துக்கொண்டிருந்தபோதுதான் ஆளவந்தாருக்கு ஓலையின் நினைவு வந்தது. பிரித்துப் பார்த்தால், குறித்த நாள் அன்றைக்குத்தான். பறந்து போக ஒரு புஷ்பக விமானம் இல்லையே என்று அவர் வருந்தியதாகச் சொல்வார்கள்.

ஆளவந்தார் சாதாரணப் படிப்பாளி அல்லர். சாத்திரங்களைக் கரைத்துக் குடித்தவர், வாதத்தில் எதிராளியைச் சாய்த்தவர். அவருக்கே யோகம் படித்து வரவில்லை. பக்கத்தில் இருந்து செய்து காட்ட ஓர் ஆள் தேவைப்பட்டது. அந்த ஆள் போனதும் வித்தையும் போய்விட்டது.

இது நடந்து ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளுக்குப் பின், நாதமுனிகளின் வழித்தோன்றல் என்று தம்மைச் சொல்லிக்கொண்ட ஒருவர், மைசூர் அரண்மனையின் ஒரு பகுதியில் பையன்களை வரிசையாக நிறுத்தி யோகம் சொல்லிக்கொடுத்தார். பெயர் திருமலை கிருஷ்ணமாச்சாரியா. இன்று உலகெங்கும் யோகா வகுப்பு என்ற பெயரில் நடப்பவற்றில் பெரும்பகுதிக்கு அந்தக் கூடமே பிறந்த வீடு.

அதற்கு முன்பு யோகம் எங்கே இருந்தது? ஏட்டில் நிறையவே இருந்தது. பதஞ்சலியின் யோக சூத்திரம் 195 சூத்திரங்கள் கொண்டது. 196 என்று எண்ணுவோரும் உண்டு. அதில் ஆசனத்தைப் பற்றிப் பேசுபவை மூன்றே மூன்று. அசையாமலும் சுகமாகவும் இருக்கவேண்டும் என்று சொல்லும் அவை, எந்தக் காலை எங்கே மடக்குவது என்று சொல்லவில்லை. விட்டுவிடாமல், நெடுங்காலம், மதிப்போடு செய்யும் பயிற்சியே வேர்விடும் என்பதையும் பதஞ்சலி முதல் அத்தியாயத்திலேயே சொல்லிவிடுகிறார். தமிழில் திருமூலர் திருமந்திரத்தின் மூன்றாம் தந்திரத்தை அட்டாங்க யோகத்துக்கே ஒதுக்கினார். 15ஆம் நூற்றாண்டை ஒட்டி சுவாத்மாராமர் எழுதிய ஹடயோகப் பிரதீபிகை 15 ஆசனங்களை விவரிக்கிறது. மைசூரிலேயே 19ஆம் நூற்றாண்டில் மும்மடி கிருஷ்ணராஜ உடையார் தொகுத்த ஸ்ரீதத்துவநிதியில் 122 ஆசனங்கள் வண்ணப் படங்களாகவே உண்டு. படத்தில் ஒருவர் தலைகீழாக நிற்பார், இன்னொருவர் கயிற்றில் தொங்குவார். படம் முடிவைக் காட்டும். அங்கே போய்ச் சேரும் வழியைப் பயின்றவர்தான் காட்ட வேண்டும்.

பயின்றவர்களோ ஊருக்குள் இல்லை. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் குடும்பஸ்தர்களுக்கு யோகி என்றால் காட்டில் இருக்கும் சாமியார். இல்லையென்றால் தெருவோரத்தில் உடம்பை முறுக்கிக் காட்டிக் காசு கேட்பவர். வீட்டுப் பிள்ளை அந்தப் பக்கம் போனால் புத்தி பேதலித்துவிடும் என்று பயந்தார்கள். அந்தப் பயத்தை உடைக்கும் வேலை ஒரே சமயத்தில் பல ஊர்களில் தொடங்கியது. 1918இல் பம்பாய் வெர்சோவாவில் யோகேந்திரர் யோகா நிலையம் ஒன்றைத் திறந்தார். 1924இல் லோனாவாலாவில் சுவாமி குவலயானந்தர் கைவல்யதாமத்தைத் தொடங்கி, ஆசனம் செய்யும்போது உடம்புக்குள் என்ன நடக்கிறது என்று எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தார். மகாராஷ்டிரத்தில் ஔந்த் சமஸ்தானத்து அரசர் சூரிய நமஸ்காரத்தைப் பள்ளிப் பிள்ளைகளின் அன்றாடப் பழக்கமாக்க முயன்றார். இந்த வரிசையில்தான் மைசூரும் வருகிறது.

கிருஷ்ணமாச்சாரியா 1888 நவம்பர் 18 அன்று, இன்றைய கர்நாடகத்தின் சித்ரதுர்கா மாவட்டத்தில் உள்ள முச்சுகுண்டே கிராமத்தில் பிறந்தார். சிறுவயதில் தந்தையை இழந்து மைசூர் பரகால மடத்தில் வளர்ந்தார். காசியில் தர்க்கமும் வேதாந்தமும் படித்தார். பதினாறு வயதில் ஆழ்வார்திருநகரிக்குச் சென்றபோது, நாதமுனிகளோடு மறைந்த யோக ரகசியம் தமக்கு ஒரு காட்சியில் கிடைத்ததாகப் பின்னாளில் சொன்னார். மானசரோவர் பக்கம் ராமமோகன பிரம்மச்சாரி என்ற குருவிடம் ஏழரை ஆண்டு பயின்றதாகவும் சொன்னார். ஆண்டுக் கணக்கைப் பொருத்திப் பார்த்த ஆய்வாளர்கள் சிலர் இதை ஐயத்தோடுதான் அணுகுகிறார்கள். சந்தேகத்துக்கு இடமில்லாத ஒன்று உண்டு: இத்தனை படிப்பும் இருந்த பண்டிதர், 1920களில் ஹாசன் பக்கத்துக் காப்பித் தோட்டம் ஒன்றில் மேஸ்திரி வேலை பார்த்துக் குடும்பம் நடத்தினார். யோகம் சொல்லிக்கொடுத்துச் சாப்பிடலாம் என்ற நிலை அன்றைக்கு இல்லை.

அந்த நாட்களில் ஹாசனில் அவர் நடத்திய செயல்விளக்கம் ஒன்றை 1927இல் பன்னிரண்டு வயதுப் பையன் ஒருவன் பார்த்தான். மறுநாளே அவர் வீட்டு வாசலில் போய் நின்றான். பட்டாபி ஜோயிஸ் என்று பிற்பாடு உலகம் அறிந்தது அவனைத்தான்.

மைசூர் மன்னர் நால்வடி கிருஷ்ணராஜ உடையார் கிருஷ்ணமாச்சாரியாவை அழைத்து, முதலில் சமஸ்கிருத பாடசாலையிலும், 1933இல் ஜகன்மோகன் அரண்மனையில் தனி யோகசாலையிலும் கற்பிக்க வைத்தார். மன்னரின் ஆதரவு பணத்தோடு நிற்கவில்லை. ஆசிரியருக்குச் சம்பளம், மாணவருக்கு இடம், தினமும் குறித்த நேரம் என்ற மூன்றும் சேர்ந்து அமைந்தன. யோகத்தின் வரலாற்றில் இது பெரிய திருப்பம். அதுவரை குருவைத் தேடி மலையேற வேண்டியிருந்த வித்தை, நேர அட்டவணைக்குள் வந்து உட்கார்ந்தது.

யோகசாலையில் பயின்றவர்களில் பலர் அரச வம்சத்துப் பையன்கள், துள்ளும் வயது. அவர்களை மணிக்கணக்கில் கண்ணை மூடி உட்காரச் சொன்னால் நடக்காது. கிருஷ்ணமாச்சாரியா அசைவையும் மூச்சையும் கோத்து, எண்ணிக்கை போட்டுக் கற்பித்தார். அந்த முறையின் சாயலை இன்றும் ஜோயிஸ் வழி வகுப்புகளில் காணலாம். 'ஏகம்' என்று குரல் எழும்: மூச்சை இழுத்தபடி கைகள் தலைக்குமேல் போகும். 'த்வே': மூச்சை விட்டபடி உடல் முன்னே மடங்கும், உள்ளங்கை தரையைத் தொடும். 'த்ரீணி': கை அங்கேயே இருக்க, தலை மட்டும் நிமிரும். 'சத்வாரி': கால்கள் பின்னே துள்ளும், உடல் தரைக்கு ஒரு சாண் மேலே பலகையாய் நிற்கும். 'பஞ்ச': நெஞ்சு முன்னே எழும். 'ஷட்': இடுப்பு மேலே போய் உடல் கூரையாகும், அங்கே ஐந்து மூச்சு. இதில் எதையும் யோசித்துச் செய்ய நேரமில்லை. சில மாதங்கள் போனால் எண்ணிக்கை காதில் விழுந்ததும் உடம்பு தானே நகரும்.

இந்த முறைக்கு ஆதாரம் 'யோக குரண்டம்' என்ற பழைய சுவடி என்று ஜோயிஸ் சொல்லிவந்தார். கல்கத்தா நூலகம் ஒன்றில் கிடைத்த அந்தச் சுவடியை எறும்பு தின்றுவிட்டதாம். இன்றுவரை யாரும் அதைக் காட்டவில்லை. நூல் இருந்ததோ இல்லையோ, முறை தினந்தோறும் ஆயிரக்கணக்கான உடம்புகளில் நடந்துகொண்டிருக்கிறது. ஆளவந்தார் கதையின் அதே பாடம், மறுபக்கத்திலிருந்து.

கிருஷ்ணமாச்சாரியாவும் எழுதாமல் இல்லை. 1934இல் கன்னடத்தில் 'யோக மகரந்தம்' வெளிவந்தது. 1938இல் மதுரையில் அதன் தமிழ்ப் பதிப்பு அச்சானது. 1938இல் எடுத்த மௌனப் படம் ஒன்றில் அவரும், மனைவி நாமகிரியம்மாளும், பிள்ளைகளும், மைத்துனர் பி.கே.எஸ். ஐயங்காரும் ஆசனம் செய்வதை இன்றும் பார்க்கலாம். யோகம் துறவிக்கு மட்டும் உரியது என்ற எண்ணத்துக்கு அந்தப் படத்தைவிடச் சிறந்த மறுப்பு இல்லை: குடும்பமே பயிற்சி செய்கிறது.

மைசூர்க் காலம் இனிமையாக மட்டும் இருந்ததில்லை. மன்னரின் விருப்பப்படி கிருஷ்ணமாச்சாரியா ஊர் ஊராகப் போய்ச் செயல்விளக்கம் நடத்தினார். கூட்டம் கூட்ட வேண்டியிருந்தது. கூட்டத்துக்கு வேடிக்கை வேண்டியிருந்தது. காசநோய், மலேரியா, டைபாய்டு என்று நோஞ்சானாகவே வளர்ந்த ஐயங்கார், 1934இல் அக்காள் நாமகிரியம்மாளின் வீட்டுக்கு வந்து சேர்ந்தார். முன்பழக்கம் இல்லாத ஹனுமானாசனத்தைச் செய்யும்படி குரு உத்தரவிட்டதில் தொடைத்தசை கிழிந்து நெடுநாள் துன்பப்பட்டதை அவர் பிற்காலத்தில் வெளிப்படையாகவே சொன்னார். அந்தக் காயம் அவரைப் பயிற்சியிலிருந்து விரட்டவில்லை. உடம்பின் ஒவ்வொரு மூட்டும் எந்தக் கோணத்தில் தாங்கும், எங்கே முறியும் என்று துருவிப் பார்க்கும் ஆசிரியராக அவரை மாற்றியது.

1937இல் குரு அவரைப் புணேவுக்கு அனுப்பினார். வயது 18. மராத்தி தெரியாது, ஆங்கிலம் சுமார், தத்துவப் படிப்பு இல்லை. மாணவர்களில் பலர் அவரைவிட வலுவானவர்கள். அவரிடம் இருந்த ஒரே மூலதனம் நேரம். ஒரு நாளில் பல மணி நேரம் தம் உடம்பையே ஆய்வுக்கூடமாக்கினார். வளையாத முதுகுக்கு என்ன செய்வது, எட்டாத கைக்கு என்ன கொடுப்பது என்று தேடியபோது செங்கல்லும் கயிறும் நாற்காலியும் உதவிக்கு வந்தன. இன்று கடையில் விற்கும் யோகா கட்டையும் பட்டையும் அந்தத் தேடலின் பிள்ளைகள். 1966இல் அவர் எழுதிய 'லைட் ஆன் யோகா' சுமார் 200 ஆசனங்களை 600 படங்களோடு விளக்கியது. படங்களில் இருப்பவர் அவரே. அந்த நூலின் மதிப்பு அதற்கு முந்தைய முப்பதாண்டு உழைப்பிலிருந்து வந்தது.

ஜோயிஸ் மைசூரிலேயே தங்கினார். லட்சுமிபுரத்தில் அவர் வீட்டுக் கூடத்தில் பன்னிரண்டு பேர் பயிற்சி செய்யலாம். மற்றவர்கள் படிக்கட்டில் உட்கார்ந்து முறைக்குக் காத்திருப்பார்கள். இடம் காலியானதும் உள்ளிருந்து 'இன்னொருவர்' என்று குரல் வரும். அந்தக் கூடத்தில் எல்லோரும் ஒரே நேரத்தில் ஒரே ஆசனத்தைச் செய்வதில்லை. ஒவ்வொருவரும் தமக்குக் கொடுத்த வரிசையை மனப்பாடமாக, தம் மூச்சின் வேகத்தில் செய்வார்கள். ஆசிரியர் பாய்களுக்கு நடுவே நடந்து, தேவையானவரின் தோளை அழுத்துவார், இடுப்பைத் திருப்புவார். ஓர் ஆசனம் கைவந்தால்தான் அடுத்தது கிடைக்கும். வாரம் ஆறு நாள் பயிற்சி. சனிக்கிழமையும் அமாவாசையும் பௌர்ணமியும் விடுமுறை. தத்துவம் கேட்டு வந்த வெளிநாட்டவர்களுக்கும் அவர் முதலில் காட்டியது பாயைத்தான்.

மைசூர் யோகசாலைக்கு எதிர்பாராத மாணவி ஒருவரும் வந்தார். ரீகாவில் பிறந்து இந்தியப் படங்களில் நடித்த இந்திரா தேவி. பெண், வெளிநாட்டவர் என்ற இரண்டு காரணத்தையும் சொல்லி ஆசிரியர் மறுத்தார். மன்னர் வற்புறுத்திய பின்பே சேர்த்துக்கொண்டார். உணவிலும் நேரத்திலும் விட்டுக்கொடுக்காத கட்டுப்பாடுகளை விதித்துப் பார்த்தார். இந்திரா தேவி அத்தனையையும் தாங்கிக்கொண்டார். மறுத்தவரே பிறகு அவரைக் கற்பிக்கச் சொல்லி அனுப்பினார். 1939இல் ஷாங்காயிலும், பின்னர் ஹாலிவுட்டிலும் இந்திரா தேவி வகுப்புத் தொடங்கினார்.

1940இல் நால்வடி கிருஷ்ணராஜர் காலமானார். சமஸ்தானமும் பிறகு இந்தியாவோடு இணைந்தது. ஆதரவு வற்றி, 1950இல் யோகசாலை மூடப்பட்டது. அறுபதைக் கடந்த கிருஷ்ணமாச்சாரியா மறுபடியும் வேலை தேட வேண்டியவரானார்.

அவர் வாழ்க்கையின் இரண்டாம் பாகம் சென்னையில் தொடங்கியது. பக்கவாதத்தால் பாதிக்கப்பட்ட பிரபல வழக்கறிஞர் ஒருவருக்கு உதவ 1950களின் தொடக்கத்தில் வந்தவர், இங்கேயே தங்கிவிட்டார். துள்ளும் பையன்களின் இடத்தில் இப்போது ஆஸ்துமாக்காரர், முதுகுவலிக்காரர், தூக்கம் வராதவர், பிரசவம் முடிந்த பெண். வளர்ந்த பேரன் இருக்கும் மாமியிடம் 'சத்வாரி' என்று சொல்லிப் பின்னால் துள்ளச் சொல்ல முடியுமா? ஆசிரியர் தம் முறையையே திருப்பிப் போட்டார். நாடி பிடித்துப் பார்த்தார். என்ன வேலை, என்ன சாப்பாடு, எப்போது தூக்கம் என்று விசாரித்தார். ஒருவருக்குச் சொன்னதை அடுத்தவருக்குச் சொல்லவில்லை. பெண்களுக்கு வேதம் ஓதக் கற்றுக்கொடுத்தார். அவர் வளர்ந்த மடத்துச் சூழலில் நினைத்தும் பார்க்க முடியாத காரியம் அது. மைசூரில் அவரைக் கண்டிப்புக்காரராகவே பார்த்தவர்களுக்குச் சென்னைக் கிருஷ்ணமாச்சாரியா வேறு ஆளாகத் தெரிந்திருப்பார்.

மகன் டி.கே.வி. தேசிகாச்சார் பொறியியல் படித்து வேலைக்குப் போகக் காத்திருந்தவர். ஒரு நாள் காலை வீட்டு வாசலில் கார் வந்து நின்றது; வெளிநாட்டுப் பெண்மணி ஒருவர் இறங்கி ஓடிவந்து, ஆசாரம் மாறாத கிருஷ்ணமாச்சாரியாவைக் கட்டிக்கொண்டு நன்றி சொன்னதைக் கண்டு மகன் திகைத்தார். பல காலத்துக்குப் பின் முந்தைய இரவில்தான் அந்தப் பெண் மாத்திரை இல்லாமல் தூங்கியிருந்தார். தேசிகாச்சார் வேலைக்குப் போகும் எண்ணத்தை விட்டுவிட்டுத் தந்தையிடம் மாணவராகச் சேர விரும்பினார். தந்தை வைத்த முதல் சோதனை நேரம்: பாடம் அதிகாலை மூன்றரைக்கு. மகன் எழுந்து வந்தார்.

1965இல் ஜே. கிருஷ்ணமூர்த்தி தேசிகாச்சாரிடம் கற்க வந்தார். மாணவருக்கு 70 வயது, ஆசிரியருக்கு 27. உலகம் முழுக்கப் பேச்சால் அறியப்பட்ட அந்த மனிதரும் மூச்சுக்கு ஓர் ஆளிடம் பாடம் கேட்டுக்கொள்ள வேண்டியிருந்தது.

1976இல் தேசிகாச்சார் கிருஷ்ணமாச்சாரியா யோக மந்திரத்தைத் தொடங்கினார். மந்தைவெளியை ஒட்டிய ராமகிருஷ்ணா நகரில் இருக்கும் அந்த நிலையத்தின் தனித்தன்மை ஒரு தாளில் அடங்கும். ஆசிரியரும் மாணவரும் தனியாக உட்கார்ந்து பேசி முடித்ததும், வீட்டில் செய்யவேண்டியது குச்சி மனிதர்களாக வரையப்படும். மல்லாந்து படுத்த குச்சி மனிதர், மூச்சை விடும்போது முழங்கால்கள் வயிற்றை நோக்கி வரும், இழுக்கும்போது விலகும், இத்தனை முறை. அடுத்த வரியில் அவர் இடுப்பைத் தூக்குவார். அதற்கடுத்து நாற்காலியில் உட்கார்ந்து கைகளை உயர்த்துவார். முடிவில் மூச்சுக்கு ஓர் எண் கணக்கு. மாணவர் அந்தத் தாளை வீட்டுக்குக் கொண்டுபோய்த் தினமும் செய்துவிட்டு, சில நாள் கழித்துத் திரும்பி வருவார். எது முடிந்தது, எது வலித்தது, எந்த நாள் செய்யவில்லை என்று சொல்வார். தாள் திருத்தப்படும். ஸ்ரீதத்துவநிதியின் 122 வண்ணப் படங்கள் செய்யாத வேலையை இந்தக் கோட்டுப் படங்கள் செய்தன. ஏனென்றால் ஒவ்வொரு தாளும் ஓர் உடம்பைப் பார்த்து வரைந்தது.

கிருஷ்ணமாச்சாரியா தம் 96ஆம் வயதில் இடுப்பு எலும்பை முறித்துக்கொண்டார். அறுவைச் சிகிச்சை வேண்டாம் என்றார். படுக்கையிலேயே செய்யக்கூடிய பயிற்சியைத் தமக்குத் தாமே அமைத்துக்கொண்டார். 1989 பிப்ரவரி 28 அன்று, நூறு வயதைக் கடந்து, சென்னையில் காலமானார். இந்தியாவை விட்டு வெளியே போய் அவர் ஒரு வகுப்பும் எடுத்ததில்லை. ஜோயிஸ் 2009இலும், ஐயங்கார் 2014இலும், தேசிகாச்சார் 2016இலும் மறைந்தார்கள். மூன்று பேரும் மூன்று வழி. ஒருவர் வரிசையைப் பிடித்தார், ஒருவர் எலும்பின் நேர்த்தியைப் பிடித்தார், ஒருவர் எதிரில் இருப்பவரைப் பிடித்தார். தினமும் செய் என்பதில் மட்டும் மூவருக்கும் கருத்து வேறுபாடு இல்லை.

2014 டிசம்பரில் ஐக்கிய நாடுகள் சபை ஜூன் 21ஐ உலக யோகா நாளாக அறிவித்தது. 170க்கும் மேற்பட்ட நாடுகள் தீர்மானத்தை இணைந்து முன்மொழிந்தன. 2015இல் முதல் யோகா நாளன்று தில்லி ராஜபாதையில் 35,985 பேர் ஒன்றாகப் பயிற்சி செய்து கின்னஸ் சாதனை படைத்தார்கள். காட்டுச் சாமியாரின் வித்தையாகப் பார்த்துப் பயந்த ஒன்று, நூறாண்டுக்குள் ராஜபாதையில் பாய் விரித்தது பெருமைதான். ஆனால் ஜூன் 22ஆம் தேதி காலையில் பாயை விரித்தவர்கள் எத்தனை பேர் என்று எந்தச் சாதனைப் புத்தகமும் எண்ணுவதில்லை. மைசூரும் மந்தைவெளியும் கவலைப்பட்டது அந்த மறுநாளைப் பற்றி.

இப்போது தெருவுக்கு ஒரு யோகா வகுப்பு இருக்கிறது. கைப்பேசியில் காணொளிகளுக்குக் குறைவில்லை. சேரப் போகிறவர்கள் கட்டணத்தை விசாரிக்கும் முன்பு ஆசிரியரிடம் இரண்டு கேள்விகளைக் கேட்டுவிடுவது நல்லது. நீங்கள் தினமும் எத்தனை மணிக்குப் பயிற்சி செய்கிறீர்கள்? என் முதுகையும் முழங்காலையும் பார்த்துவிட்டு, நான் வீட்டில் செய்ய வேண்டியதை எழுதித் தருவீர்களா? இரண்டுக்கும் நேரான பதில் வந்தால் அங்கே சேரலாம்.